பதினாலாம் படுக்கையின் பங்கு

ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள் தையல்காரி. நடுவில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது.

"அஞ்சு நிமிஷம் ஆகட்டும்."

"உப்பாவது போடேன் தங்கச்சி. எங்களுக்கெல்லாம் ரோஷமே இல்லாமப் போச்சு," என்றார் பஸ் டிரைவர்.

"போன வாரம் அடுப்புக்காக மல்லுக்கு நின்னீங்களே, அந்த ரோஷம் போதாதா?"

டிரைவரின் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் அடுப்பு ஒன்றுதான். மூன்றாம் மாடியில் நோயாளியைப் போட்டுவிட்டுக் காத்திருந்த குடும்பங்களோ ஆறு. முட்டி மோதி அலுத்த பிறகு, ஒரே பானையில் கஞ்சி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். படுக்கை எண் ஒட்டிய தூக்குவாளிகளில் நோயாளிகளின் பங்கை ஊற்றிய பிறகுதான் மற்றவர்களுக்கு.

சுவரில் ஒலிபெருக்கி இருந்தது. மருந்து வேண்டுமென்றால் நர்ஸ் நேரில் வருவாள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டு மேலே போனவர்கள் யாரும் இதுவரை அடுப்படிக்குத் திரும்பியதில்லை.

அது கரகரத்தது. எல்லோரும் அதை நிமிர்ந்து பார்த்தார்கள். டிரைவரின் மகன் ஒன்பதாம் படுக்கை. ஒன்பதாக இருக்கக் கூடாது என்று வேண்டினாள் தையல்காரி. வேறு எந்த எண்ணாக இருக்கலாம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"பதினாலாம் படுக்கை. உடனே மேலே வரவும்."

பதினாலு அவள் தங்கை. கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஏதாவது கையெழுத்து கேட்பாங்க," என்றார் டிரைவர்.

அவர் மனைவி அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தாள். "வா, நானும் வரேன்."

படிக்கட்டில் தையல்காரி கேட்டாள், "வேற வார்டுல இருக்கிற பதினாலா இருக்குமோ?"

"இருக்கும், இருக்கும்," என்றபடி டிரைவரின் மனைவி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதவருகே நர்ஸ் நின்றிருந்தாள், தங்கையின் வளையல்களை ஒரு காகித உறையில் வைத்துக்கொண்டு.

உடம்பைத் தர மாலை ஆகும் என்றார்கள். எங்கே போவது என்று தெரியாமல் அவள் கீழேயே இறங்கி வந்தாள். தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. ஆறிலும் கஞ்சி. அவள் முகத்தைப் பார்த்ததும் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதை மட்டும் காலியா விடப் பயமா இருந்துச்சு, தங்கச்சி."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவரின் மனைவி பதினாலாம் எண் தூக்குவாளியைத் திறந்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் உதட்டருகே பிடித்தாள். தையல்காரியும் குடித்தாள். அது தீரும்வரை யாரும் தங்கள் பங்கைத் தொடவில்லை. ஒலிபெருக்கியையும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளிக்கதவில், நோயாளிகளைப் பார்க்கும் நேரம் மாலை நாலு மணி என்று எழுதியிருந்தது; அந்த நேரத்தில் மேலே போய்ப் பார்க்கத் தையல்காரிக்கு இனி யாரும் இல்லை.