கயிற்றுக்கு இந்தப் பக்கம்

பெரியவர் கைத்தடியால் கயிற்றை அழுத்தித் தாழ்த்தினார். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்; சற்றுத் தடுமாறி மறுகாலையும் வைத்தார். தம்பியின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் போய் நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

எதிரே துப்பாக்கியோடு வரிசையில் நின்ற ஏழு பேரும் கண்ணைக்கூட அசைக்கவில்லை. அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்திருந்த பெண் அதிகாரி மட்டும் அவரிடம் நடந்து வந்தாள்.

"ஐயா, கயித்துக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. சுடப் போறோம்."

"சுடுங்க. யாரு வேணாம்னா?"

"நீங்க துப்பாக்கிக்கு முன்னால நிக்கிறீங்க."

"வெத்துத் தோட்டாதானே? சத்தத்துக்கு ஓடி ஒளியற பரம்பரை இல்லம்மா எங்களது."

"குண்டுதான் இல்லைங்க. மருந்து இருக்கு. நெருப்பு வரும், எரியாத மருந்துத் தூள் தெறிக்கும். பக்கத்துல இருந்தா கண்ணு போயிடும்."

"மேல பாத்துத்தானே சுடுவாங்க?"

"ஒருத்தர் கை கொஞ்சம் தாழ்ந்துட்டா?"

"கை நடுங்குற ஆளைத்தான் எங்க வீட்டுச் சாவுக்கு அனுப்பினாங்களா?"

அவள் கயிற்றைக் கைகாட்டினாள். பெரியவருக்கு அதுவே திமிராகப் பட்டது.

அவருக்கு அந்தக் கயிற்றின்மேல்தான் ஆத்திரம். மரியாதை வேட்டு எங்கே நடந்தாலும், அணியை நடத்திப் போகும் தம்பி முதலில் நான்கு முளையடித்துக் கயிறு கட்டுவான். யாரும் அதைத் தாண்டக் கூடாது. படையில் அவனுக்குப் பெயரே 'கயிறு' சார்ஜென்ட். அது வெறும் கேலியோடு போயிருக்கும். ஆனால் ஒரு பெரிய மனிதரின் சாவில் அவருடைய மகன் கயிற்றைத் தாண்டிப் பெட்டியருகே நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றான். தம்பி, துப்பாக்கிகளை இறக்கச் சொல்லி, ஒரு வேட்டும் போடாமல் அணியைத் திருப்பி அழைத்துப் போய்விட்டான். ஊர் சிரித்தது. தம்பியின் சார்ஜென்ட் பட்டையைப் பறித்து, துப்பாக்கிக்கு எண்ணெய் போடும் வேலைக்கு ஆயுதக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். கடைத்தெருவில் பெரியவரையும் "கயிறு வீட்டுக்காரர்" என்று கைகாட்டினார்கள்.

அன்று தம்பி வீட்டு வாசலில் நின்று அவர் சொன்னார்: "செத்தவனுக்கு மரியாதை பண்ணத் தெரியாதவன் எனக்குத் தம்பி இல்லை."

அதற்குப் பிறகு அந்த வாசற்படியை அவர் மிதிக்கவில்லை. தம்பி படுக்கையில் விழுந்தபோது மகன் கையில் பழம் கொடுத்து அனுப்பினார். அவ்வளவுதான். ஆனால் செத்த செய்தி வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு படைத் தலைமை அலுவலகப் படியேறியவர் அவர்தான். பட்டை பறிபோனவனுக்கு வேட்டு கிடையாது என்றார்கள். மேசையைத் தட்டி, தொண்டை வறளச் சண்டை போட்டு, அனுமதி வாங்காமல் அவர் இறங்கவில்லை. இன்று இந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்க வேண்டும். குடும்பத்தின்மேல் அப்பிய கரி அதோடு போக வேண்டும். கயிறு மட்டும் கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"இந்தக் கயித்தை யாரு கொண்டுவரச் சொன்னது?" என்று இப்போது உரக்கக் கேட்டார்.

"நான்தான்."

தம்பி மனைவி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். கயிற்றுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அவரோட கயிறு. கிடங்குல ஆணியில மாட்டி வச்சிருந்தார். கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"மானத்தை வாங்கினது போதாதுன்னு அதையும் வாங்கிட்டு வந்தியா?"

பெண் அதிகாரி திரும்பி வரிசையைப் பார்த்தாள். "இறக்கு!"

ஏழு துப்பாக்கிகளும் ஒரே அசைவில் தரையை நோக்கி இறங்கின. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவரின் காது மடல் சிவந்தது.

"அத்தான்," என்றாள் தம்பி மனைவி. குரல் உயரவில்லை. "அன்னைக்கு இதே மாதிரி நின்னானே, பெரிய மனுசன் மகன். அவனை நேத்துக்கூட வண்டி ஓட்டிட்டுப் போகும்போது பாத்தேன். ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. அது யாரு போட்ட பிச்சைன்னு இந்த ஊர்ல ஒருத்தர் கேட்டீங்களா? நீங்க கேட்டீங்களா?"

பெரியவர் கைத்தடியை மண்ணில் அழுத்தி ஊன்றினார்.

"நகருங்க. இல்லேன்னா இவங்களை அனுப்பிடறேன். வேட்டு இல்லாமலே பொதைச்சுக்கறேன். அவமானம் அவருக்குப் புதுசு இல்லை."

அவர் பெட்டியைப் பார்த்தார். மூடியின்மேல் தம்பியின் சீருடைச் சட்டை இருந்தது. சட்டைக் கையில் பட்டை பிய்ந்த இடத்தில் துணி மட்டும் வெளுக்காமல் பழைய நிறத்தில் இருந்தது.

யாரையும் பார்க்காமல் அவர் நடந்தார். கயிற்றருகே வந்தபோது பெண் அதிகாரி குனிந்து அதைத் தாழ்த்திப் பிடித்தாள். அவர் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. தம்பி மனைவி அவருக்கு இடம் விடவும் இல்லை. இரண்டடி தள்ளி, தானே ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டார்.

முதல் வேட்டில் மரத்துப் பறவைகள் எல்லாம் கலைந்தன. இரண்டாவது வேட்டில் ஏழும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே இடியாக முழங்கின. பெரியவரின் கழுத்து நிமிர்ந்தது.

மூன்றாவது வேட்டு பிசகியது. வரிசையின் கடைசித் துப்பாக்கியில் விசை சொடுக்கிய ஓசை மட்டும் கேட்டது.

"யாரும் அசையாதீங்க!" பெண் அதிகாரியின் குரல் மயானம் முழுக்க ஒலித்தது. "கடைசி ஆள், குழலை இறக்காதே. திறக்காதே. அப்படியே பிடி."

கடைசி ஆள் வானத்தை நோக்கிய துப்பாக்கியோடு சிலையாக நின்றான்.

பெரியவரின் மகன் பல்லைக் கடித்தான். "பாத்தீங்களாப்பா? வேணும்னே பண்றாங்க. சாவு வீட்டுக்கு ஊசிப்போன தோட்டாவா? போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்." கயிற்றைத் தூக்கிக் குனிந்தான்.

கைத்தடி அவன் மார்பில் குறுக்கே விழுந்தது.

"இந்தப் பக்கம் நில்லுடா."

"அப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"ஒண்ணு வெடிக்கலைப்பா. நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க?"

"வெடிக்காதது இனிமே வெடிச்சா என்னடா பண்ணுவே? அந்தம்மா சொல்ற வரைக்கும் ஒரு பய தாண்டக் கூடாது. தாண்டினா காலை ஒடிச்சிடுவேன்."

பின்னாலிருந்து யாரோ, "கயிறு வீட்டுக்காரர்டா," என்றது தெளிவாகக் கேட்டது. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மருந்துப் புகை மெதுவாகப் பெட்டியின்மேல் நகர்ந்து, கயிற்றைத் தாண்டி வந்தது. தம்பி மனைவி இருமினாள். கடைசி ஆளின் கை லேசாக நடுங்கியது, குழல் தாழவில்லை. மகன் தூக்கிவிட்டிருந்த கயிறு முளையில் தளர்ந்து தொங்கியது. பெரியவர் தடியை அவன் மார்பிலிருந்து எடுக்காமலே, இன்னொரு கையால் கயிற்றைப் பற்றி, விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.