சுவர் நெட்வொர்க்கின் வேகமும் பாதுகாப்பும்

டொக். டொக்டொக். டொக்.

சத்தம் அடுக்களைச் சுவரிலிருந்து வந்தது. அருணோதயம் சட்டியில் செதில் போக உரசிக்கொண்டிருந்த சாளை மீனை அப்படியே போட்டுவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு சுவரில் காதை வைத்தார். இருபத்திரண்டாம் வீட்டு பெர்னதெத்தக்கா கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டிருந்தாள். தரைத்தளத்தில் ஒருவர் தோசை மாவுக்கு நாணயம் கொடுத்திருக்கிறார் என்பது செய்தி. கொடுத்தவரிடம் அந்த நாணயம் இருந்ததா என்று அருணோதயம் தன் ஞாபகத்தில் தேடிப் பார்த்தார். இருந்தது. பூரிக்கட்டையால் எதிர்ச்சுவரில் தட்டி இருபத்துநாலாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீனுக்குத் திரும்பினார்.

அந்தக் குடியிருப்பின் கிரிப்டோ நாணயம் சுவர் வழியாகத்தான் ஓடியது. நாற்பத்தெட்டு வீடுகள். நடுவில் பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது. யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது முதல் நாளிலிருந்து எல்லா வீட்டுக்கும் மனப்பாடம். ஒருவர் கொடுத்ததை ஆறு வீடுகள் சரிபார்த்து ‘ஆமா’ என்று தட்டிவிட்டால், அது வாங்கினவருக்குச் சொந்தம். கொடுத்தவர் கையில் அது பிறகு இருக்காது. வெளியூரிலும் இதற்கு நல்ல பெயர். மதுரை பஸ்களின் கண்டக்டர்கள் வேறெந்தக் காசையும் கையால் தொடுவதில்லை.

குறை இரண்டுதான். ஒன்று, மெதுவாகப் போனது. மற்றது, போன மாதம் யாரோ ஒருவன் பெர்னதெத்தக்கா வீட்டின் எல்லாச் சுவர்களுக்கும் பின்னால் மாறி மாறி நின்று, தானே அக்கம்பக்கம் முழுவதும் என்று அவளை நம்பவைத்துவிட்டான். அவன் தட்டின கணக்கை நம்பி, மூன்று நாள் அவள் வேறொரு குடியிருப்பில் வாழ்ந்துவிட்டு வந்தாள்.

ஆகவே மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சங்கத்துச் செக்ரட்டரி தனுஷ்கோடி ஒரு நோட்டீஸோடு வாசலில் வந்து நின்றான்.

“வேகத்துக்கு ஒரு விதி, பாதுகாப்புக்கு ஒரு விதி அண்ணாச்சி. பக்கத்து வீட்டுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைத் தட்டக் கூடாது. தெரியாததை மட்டும் தட்டணும். பாதி நேரம் மிச்சம்.”

“பாதுகாப்புக்கு?”

“தட்டுறது நீங்கதான்னு எப்படித் தெரியும்? முதல்ல உங்க ரகசியம் ஒண்ணைச் சொல்லணும்.”

“சொல்லிட்டா அது ரகசியம் இல்லையே, வே.”

“அதனாலதான் ஒவ்வொரு தடவையும் புதுசா சொல்லணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

மூன்று மணிக்குள் குடியிருப்பில் ரகசியம் தட்டுப்பாடு வந்துவிட்டது. அருணோதயம் பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று தடவை பெயிலானதைச் சோடா வாங்கினவருக்காகவும், மச்சினன் கல்யாணத்தில் மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டு வந்ததைக் கீரைக்காரிக்காகவும் செலவழித்திருந்தார். எல்லாம் அடுத்தவர் கொடுக்கல் வாங்கலுக்காக. இதற்கிடையில் ஒரு கிலோ சாளையில் நாலு மீன்தான் செதில் போயிருந்தது. கையெல்லாம் கவிச்சி, சுவரெல்லாம் செதில்.

நாலு மணிக்கு ராஜகனி போன் செய்தாள். தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்புக்கு மதுரை போயிருந்த அவர் மனைவி. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏங்க, மாட்டுத்தாவணியில நிக்கேன். டிரைவர் ஏறிட்டாரு. கண்டக்டர் என்னைய மட்டும் எறங்கச் சொல்லுதாரு. டிக்கெட்டுக்கு நம்ம வீட்டு நாணயம் இன்னும் வரலையாம்.”

“காலையிலயே சொல்லியிருக்கலாம்லா?”

“காலையில பஸ் ஏறியிருந்தா காலையில சொல்லியிருப்பேன். அஞ்சு நிமிசத்துல எடுத்துருவாங்களாம். இதை விட்டா அடுத்த பஸ் ஆவணியிலதான்.”

அப்போது வைகாசி பாதிகூட ஆகவில்லை. அருணோதயம் பூரிக்கட்டையை எடுத்து பெர்னதெத்தக்கா சுவரில் தட்டினார்.

“யாரு?” என்று தட்டினாள்.

“நான்தான்க்கா. அருணோதயம்.”

“அதை யாரு வேணாலும் சொல்லலாம். ரகசியம்?”

“பத்தாங்கிளாசுல…”

“அது சோடாவுக்குப் போயாச்சு தம்பி.”

“தலைக்கு மை அடிக்கேன்.”

சுவர் சிரித்தது. “அது மொட்டைமாடித் தண்ணித்தொட்டிக்கே தெரியும். வேற?”

“அக்கா, ஒங்களுக்குப் பக்கத்துல பதினாலு வருசமா குடியிருக்கேன். என் இருமல் தெரியும். என் கொறட்டை தெரியும்.”

“எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியாதே.”

போனில் பஸ் ஹாரன் அடித்தது. “ஏங்க, ரிவர்ஸ் எடுக்காங்க” என்றாள் ராஜகனி. அருணோதயம் போனைத் திருப்பிப் போட்டு அதன் மேல் தலையணையை வைத்தார். பிறகு பூரிக்கட்டையை விட்டுவிட்டு விரலால், மெதுவாகத் தட்டினார்.

“அவ ஊருக்குப் போனா நாலு நாள் நிம்மதியா கெடக்கலாம்னு நெனச்சேன். மொத நாள் சாயங்காலமே கதவைத் தெறந்துபோட்டு, படியைப் பாத்து உக்காந்துட்டேன். நாலு நாளும் அப்படித்தான்.”

அந்தப் பக்கமும் இப்போது விரல்தான் தட்டியது.

“இது எனக்குத் தெரியாது” என்றாள் பெர்னதெத்தக்கா. “சரி, விசயத்தைச் சொல்லு.”

ராஜகனியின் டிக்கெட்டுக்கு நாணயம் அனுப்புவதாகத் தட்டினார். அதுதான் ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்ட சங்கதியாயிற்றே. தெரிந்ததைத் தட்டக் கூடாது. பெர்னதெத்தக்கா விதிப்படி அதை விட்டுவிட்டு, தெரியாததை, அவர் படியைப் பார்த்துக் காத்திருந்ததை மட்டும், கண்டக்டர் பேருக்கு மேல்மாடிக்குத் தட்டினாள். மேல்மாடி கீழ்மாடிக்குத் தட்டியது. கால் நிமிடத்தில் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் போய்விட்டது. இவ்வளவு வேகத்தில் எதுவும் போனதில்லை. படிக்கட்டில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்த தனுஷ்கோடி தனியாகக் கைதட்டினான். அருணோதயத்திடம் அது உண்மையிலேயே இருந்ததா என்று வீடுகள் சரிபார்த்தன. திறந்துகிடந்த கதவை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆறு வீடுகள் ‘ஆமா’ என்றன.

தலையணைக்கு அடியிலிருந்து ராஜகனி பேசினாள். “டிக்கெட் குடுத்துட்டாருங்க. சன்னலோர சீட்டு. ஆனா கண்டக்டருக்கு என்னமோ செய்யுது போல. என்னையவே பாக்காரு.”

அருணோதயம் செதில் ஒட்டிய கையோடு படிக்கட்டுக்குப் போனார். “வே, நான் அனுப்பினது டிக்கெட்டுக்கு. போனது வேற.”

“ஆறு வீடு சொல்லியாச்சே அண்ணாச்சி.”

“திருப்பி வாங்கு.”

“திருப்ப முடிஞ்சா அப்புறம் அது என்ன பாதுகாப்பு?”

“அப்ப அது இனிமே யாருக்கு?”

“வாங்கினவருக்குத்தான்” என்று தனுஷ்கோடி நோட்டீஸின் ஓரம் பிரிந்திருந்ததை எச்சில் தொட்டு ஒட்டினான். “ஒங்களாலதான் இன்னைக்கு ரெக்கார்டு. மீட்டிங்குல சொல்லுதேன்.”

அருணோதயம் வீட்டுக்கு வந்தார். கதவு திறந்துகிடந்தது. அது எதற்காகத் திறந்திருக்கிறது என்று நின்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. சாத்திவிட்டார்.

ஏழு மணிக்குப் பஸ் நேராகக் குடியிருப்புக்குள் வந்து தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றது. ராஜகனி வந்து கதவைத் தட்டினாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் கண்டக்டர் வந்தார். விசில் கழுத்தில் தொங்கியது.

“பயணம்லாம் சௌகரியமா?” என்று கேட்டார் அருணோதயம். எதிர்வீட்டுக்காரர்களிடம் அப்படித்தான் கேட்பார். ராஜகனி அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

கண்டக்டர் கதவை அகலத் திறந்துபோட்டு, படியைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்தார்.

“அவ உள்ளதான இருக்கா” என்றார் அருணோதயம்.

“தெரியுது அண்ணாச்சி. இருந்தாலும் இப்படி உக்காந்தாத்தான் சரியா இருக்கு.”

கீழே பஸ்ஸில் மற்றவர்கள் யாரும் இறங்காமல் விளக்கைப் போட்டுக்கொண்டு அமைதியாக இருந்தார்கள்.

“இன்னும் மீன் ஆயலையா?” என்று உள்ளேயிருந்து ராஜகனி கேட்டாள். “மூணு பேருக்குக் காணுமா?”

“காணும், தாராளமாப் போதும்” என்று சொல்லிவிட்டு அருணோதயம் சட்டியை இழுத்துப் போட்டு, அடுத்த மீனை எடுத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக உரசத் தொடங்கினார்.