ஜாடியைப் பிடித்த கை

ஹெஸ்டருக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. டெல்ஃப்ட் அறிவியல் சங்கத்தின் மண்டபத்தில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் அவள் புருஷன் லம்பெர்ட் நெஞ்சை நிமிர்த்திப் பேசிக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி ஜாடியில பாதி தண்ணி. அதுக்குள்ள ஒரு கம்பி. இயந்திரத்துல இருக்கிற கண்ணாடி உருண்டையைச் சுழட்டி, உரசுறதுல பிறக்கிற மின்சாரத்தைக் கம்பியில ஏத்தணும். அப்புறம் தொட்டா, மாடு முட்டின மாதிரி அடிக்கும். இதைக் கண்டுபிடிச்சவன் நான்!"

நானாம்! சமையலறையில் ஜாடியைக் கையில் ஏந்தி நின்றவள் யார்? மறு கையால் கம்பியைத் தொட்டு, அடி வாங்கிச் சுருண்டு விழுந்தவள் யார்? இவன் எட்ட நின்று உருண்டையைச் சுற்றினான், அவ்வளவுதான். ஜாடியை ஒரு தடவைகூடத் தொடாத பயந்தாங்கொள்ளி. இன்றைக்குச் சங்கம் எந்தப் பெயரைப் பதிகிறதோ, அதுதான் பாரிசுக்கும் லண்டனுக்கும் போகும். அவள் பெயர் அவன் வாயில் வரவேயில்லை.

சோதித்துக் காட்டும் நேரம் வந்தது. சங்கத்து ஆள் ஜாடியை அரக்குத் தட்டின் மேல் வைத்தான். மின்சாரம் ஏற்றும் எதையும் அவர்கள் அப்படித்தான் வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒழுகிப் போய்விடுமாம். லம்பெர்ட் வாயைத் திறக்கவில்லை. கையில் பிடிக்க வேண்டும் என்றால் யார் கை என்று கேட்டுவிடுவார்களே!

இயந்திரக்காரன் உருண்டையைச் சுற்றோ சுற்றென்று சுற்றினான். சங்கத் தலைவர் வான் ஹூர்ன் கம்பியைத் தொட்டார். சின்னப் பொறி ஒன்று பறந்து அடங்கியது.

"என்னப்பா லம்பெர்ட், கொசு கடிச்ச மாதிரிகூட இல்லையே!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "மழைக் காத்து… ஈரம்…" என்று லம்பெர்ட் மென்று விழுங்கினான்.

ஹெஸ்டர் எழுந்துவிட்டாள். "காத்தாவது மண்ணாவது! தட்டுல வெச்சா எப்படி அடிக்கும்? கையில பிடிக்கணும்!"

"உக்காருடி. மானத்தை வாங்காதே" என்று லம்பெர்ட் சீறினான்.

"அதான் ஏற்கெனவே கப்பலேறிடுச்சே. நகருங்க" என்று மேடையேறினாள்.

"ஏம்மா, கையில பிடிச்சா எல்லாம் கை வழியா ஓடிடும். இதுகூடவா தெரியாது?" என்றார் தலைவர்.

"அப்ப பயமில்லையே? என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தொடுங்க."

வலது கையில் ஜாடியை ஏந்தினாள். உருண்டை மறுபடி சுழன்றது. தலைவர் சிரித்துக்கொண்டே அவள் இடது கையைப் பிடித்து, மறு கையால் கம்பியைத் தொட்டார். படாரென்று வெடித்தது. "ஐயோ கடவுளே!" என்று அலறித் தரையில் உட்கார்ந்தார். அவருடைய பொய்முடி காதுப் பக்கம் சரிந்தது. ஹெஸ்டருக்கும் தோள்வரை தூக்கிவாரிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜாடியை விடாமல் நின்றாள்.

"எழுதுங்கய்யா! ஜாடியைக் கையில பிடிச்சிருக்கணும்னு எழுதுங்க!" என்று தலைவர் தரையிலிருந்தே கத்தினார்.

"யார் கைன்னு போடட்டும்?" என்றார் செயலாளர்.

லம்பெர்ட்டுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "யாரோ ஒரு ஆள் கைன்னு போடுங்க. கண்டுபிடிச்சது நான்தானே."

அடப்பாவி! ஹெஸ்டர் இயந்திரக்காரன் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை சுத்துய்யா!" மின்சாரம் ஏறிய ஜாடியைப் புருஷன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "யாரோ ஒரு ஆள்தானே? இந்தாங்க. நீங்க பிடிங்க."

லம்பெர்ட் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பின்வாங்கினான். சபை முழுவதும் பார்த்தது.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "சரி, லம்பெர்ட்டோட பெண்சாதின்னு…"

"பெண்சாதியும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்! ஹெஸ்டர் பாரென்ட்ஸ். எங்கப்பா பேரோட எழுதுங்க."

செயலாளர் அனுமதி கேட்பதுபோல லம்பெர்ட்டைப் பார்த்தார்.

"அங்கே என்னய்யா பார்வை? பிடிச்சது நான்!"

அவர் அவசரமாகப் பேனாவை மையில் தோய்த்து, முதலில் எழுதியிருந்த லம்பெர்ட்டின் பெயரை அடித்தார். புதுப் பெயரின் கடைசி எழுத்து விழும்வரை ஹெஸ்டர் ஜாடியைக் கீழே வைக்கவில்லை.