ஒரு கோப்பை இருநூறு கிராம்

விஜிதாவின் கேக்கைத் தின்றுவிட்டுக் குறை சொன்னவர் பலாபத்வலையில் யாருமில்லை. இருந்தும் வீதியோரத்து கெஸ்ட் ஹவுசில் ஒன்பது வருடமாக அவள் வெறும் ஹெல்பர்தான். சமையல் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்தால் சமையல்காரி என்று பேர் போட்டு நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லிவிட்டார். அதற்கு, தான் செய்யும் பலகாரம் ஒன்றின் அளவுகளைக் கிராமில் எழுதிக்கொண்டு மாத்தளைக்குப் போக வேண்டும். அங்கே அதிகாரியின் முன்னால், எழுதியபடியே நிறுத்துச் செய்து காட்ட வேண்டும்.

அவளுடைய கணக்கெல்லாம் டீக்கோப்பையில்தான். மா நாலு கோப்பை, சீனி இரண்டரை. கிராமுக்கு அவள் எங்கே போவாள்?

கணவன் தர்சன் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதை நாளைக்கு ஒரு தரமாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அதே கோப்பையில் தண்ணீர் பிடித்துக் கடைத் தராசில் நிறுத்து, கோப்பையின் எடையைக் கழித்துவிட்டு வந்தான்.

"ஒரு கோப்பை இருநூறு கிராம். எல்லாத்தையும் அதால பெருக்கு, வேல முடிஞ்சிச்சு."

விஜிதாவுக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் ஜைனுதீன் நானாவின் கடையில் மாவையே நிறுத்துப் பார்த்தாள். நூற்றுப்பத்துதான் காட்டியது.

"மா லேசு புள்ள, தண்ணி கனம். ரெண்டுக்கும் ஒரே கணக்கு சரிவருமா?" என்றார் நானா.

வீட்டுக்கு வந்து, மா கோப்பைக்கு நூற்றுப்பத்துதான் வருகிறது என்று தர்சனிடம் சொன்னாள். அவன் முகம் கறுத்தது.

"கடக்காரன் சொன்னா சரி, நான் சொன்னா குப்ப, அப்பிடித்தானே? நாலாம் வகுப்போட நின்னவளுக்கு கணக்கு ஒரு கேடு!"

தாளை அவனே எழுதினான். கோதுமை மா எண்ணூறு கிராம், சீனி ஐந்நூறு. அவள் சண்டைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் பதினெட்டு வருடமாக நிம்மதி என்று ஏதாவது இருந்ததென்றால், அது இவள் வாயை மூடியதால் வந்ததுதான்.

பரீட்சைக்கு வந்த அதிகாரி சிங்களப் பெண். மொழிபெயர்க்கிறேன் என்று தர்சனும் உள்ளே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். விஜிதா எண்ணூறு கிராம் மாவை நிறுத்துச் சட்டியில் வைத்தாள். பட்டரையும் சீனியையும் அடித்து, முட்டை ஊற்றி, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். பாதிக்குமேல் போனதும் கை தானாக நின்றது. இன்னும் போட்டால் கேக் அல்ல, செங்கல்தான் வரும். தாளைப் பார்த்தாள், கலவையைப் பார்த்தாள். மீதி மாவை அவள் தொடவில்லை.

கேக் பஞ்சாக வந்தது. அதிகாரி ருசித்து இரண்டு துண்டு சாப்பிட்டார். பிறகு சட்டியில் மிஞ்சிய மாவைத் தூக்கித் தராசில் வைத்தார். முந்நூற்று அறுபது.

"தாள்ல உள்ளபடி நீ செய்யலயாம். யாரு எழுதுனதுன்னு கேக்குறாங்க," என்றான் தர்சன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே அதிகாரியின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினான். எழுதியது நான்தான் மிஸ், சொன்னது இவள். மா கோப்பைக்கு நூற்றுப்பத்துதான் வரும் என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டால்தானே. இருநூறு என்றே எழுது என்று ஒற்றைக் காலில் நின்றாள், படிக்காதவள்.

ஒன்பது வருடம் சிங்களச் சமையல்காரர்களோடு மாரடித்தவளுக்கு அந்தச் சிங்களம் புரியாதா? தர்சன் முன்னால் அதைப் பேசிக் காட்டியதில்லை, அவ்வளவுதான். நூற்றுப்பத்து என்று சொன்னது நான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் மூன்றாம் மனுஷி முன்னால் புருஷனைப் பொய்யனாக்கிவிட்டு, அதே புருஷனோடு வீட்டுக்குப் போவது எப்படி? பாழாய்ப்போன வாய் பழகிய பழக்கத்தில் மூடிக்கொண்டது.

"என்னாங்க சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒனக்காகத்தான் பேசுனேன்."

அதிகாரி அவளை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, எடை அறிவு போதாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் தர்சன் பொட்டலத்தைப் பிரித்துக் கேக்கைத் தின்றான்.

"கேக் நல்லாத்தான் வந்திருக்கு. இந்த மா கணக்குதான் ஒன் மண்டையில ஏறல."

"சிங்களம் எனக்கு நல்லாவே வெளங்குங்க," என்றாள் விஜிதா.

மென்ற வாய் அப்படியே நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த பரீட்சை வருகிற வருடம்தான்.