மூன்றாவது ஷாஃப்ட்

கணவனின் வலது கை நகங்களை அவள் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் தொட்டு ஒரு தரம், சோப்புப் போட்டு ஒரு தரம். விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நகக்கண்ணில் இரும்புக் கரி ஊறிப்போயிருந்தது.

"விடும்மா, போதும்," என்றாள் மாமியார். "உயிரோட இருந்தப்பவே போகாத கறை."

"போகும்."

அவளுக்குக் கோபம் வந்தது. நேற்று மாலை அடுப்பை அணைக்க அவள் வீட்டுக்குள் வந்திருந்தாள். கொல்லைப்பக்கக் கொட்டகையில் இரும்பு கடையும் லேத் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பை வெட்டும்போது அதற்கு ஒரு சத்தம், வெட்டாமல் சும்மா சுற்றும்போது வேறு சத்தம். சும்மா சுற்றுகிற சத்தம் நீண்டுகொண்டே போனது. போய்ப் பார்த்தாள். மெஷின் அடியில் கிடந்தார். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு எந்நாளும் கிடையாது.

வெந்நீர் தீர்ந்தது. எடுத்துவரப் போனாள்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தன் நடுவில் இருந்தான். வேறு ஊரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறவன். காலையில் ஒரு லாரியோடும் இரண்டு ஆட்களோடும் வந்திறங்கினான். சாவு வேலைக்குத்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அண்ணன் வெட்டினா ஒரு பாயிண்ட் பிசகாது," என்றான் அவன். "பாயிண்ட் மாஸ்டர்னு சும்மாவா பேரு வச்சாங்க? கடைசியிலதான் கெட்ட பேரு. அண்ணிக்குக் கத்துக்குடுக்கறேன்னு ஆரம்பிச்சாரு பாருங்க. இந்தா, இவரோட பம்புக்கு ரெண்டு ஷாஃப்ட். ரெண்டுலயும் பேரிங் லொடலொடன்னு ஆடுது. என்னண்ணேன்னு கேட்டா, 'வீட்டுக்காரி கை வச்சதுடா. அவகிட்ட உலக்கையக் குடுத்தா உளிப்பிடியாத்தான் திரும்பி வரும்'ங்கறாரு."

சிரித்தார்கள். துக்க வீடு என்பது நினைவுக்கு வந்ததும் அடங்கினார்கள். பம்பு மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றாள்.

அந்த ஷாஃப்ட்டுகளில் முதலில் போடும் முரட்டு வெட்டு முழுக்க அவள் கை. அவர் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததிலிருந்து எல்லா வேலைக்கும் அப்படித்தான். ஆனால் கடைசி வெட்டு நெருங்கும்போது பின்னாலிருந்து "தள்ளு" என்பார். தள்ளிக்கொள்வாள். கடைசி வெட்டில் ஒரு தலைமுடிப் பருமன் கூடுதலாகப் போனாலும் பேரிங் ஆடும். இரண்டு முறையும் அவர் கைப்பிடியை அதன் வளையத்திலிருந்த அளவுக்கோட்டைத் தாண்டித் திருப்பினார். இரண்டு முறையும் நேராகக் கோட்டுக்கே திரும்பி வந்தார்.

முதல் நாள் அவளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். திருகில் தளர்ச்சி இருக்கும். கைப்பிடி திரும்பினாலும் இரும்பை வெட்டும் டூல் உடனே திரும்பாது. கோட்டைத் தாண்டிவிட்டால் ஒரு சுற்று நன்றாகப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து கோட்டைப் பிடிக்க வேண்டும். அவள் அதை மறந்த அன்று, பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார். அவர் மறந்த அன்று அவள் மெல்லச் சொன்னாள். "நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?" என்று கேட்டார். பிறகு ஊருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்து பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். பிரஷ்ஷை அதற்குள் எறிந்தாள்.

"இன்னொரு கை?" என்றாள் மாமியார்.

"போதும்."

ஒரு கை வெளுத்தும் ஒரு கை கறுத்தும் அவரைக் கொண்டுபோனார்கள்.

புதைத்துவிட்டு எல்லோரும் திரும்பிய பின் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கொட்டகையில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. ஈர முகத்தோடு போனாள். கொழுந்தனின் ஆட்கள் லேத்தைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஏற்கெனவே தளர்ந்திருந்தன. பம்பு மெக்கானிக் வாசலில் நின்றான்.

"என்ன பண்றீங்க தம்பி?"

"ஆளும் இருக்கு, லாரியும் இருக்கு அண்ணி. கையோட ஏத்திட்டா வேலை முடிஞ்சுது. இங்க கெடந்தா துருப்பிடிக்கும். நம்ம பட்டறையில ஓடட்டும். உங்கள நான் விட்டுருவேனா?"

"சக்குல இவரோட மூணாவது ஷாஃப்ட் மாட்டியிருக்கு. வேலை பாக்கி."

"கழட்டிக் கொண்டுபோய் நான் முடிச்சுக் குடுத்துடறேன்."

"கழட்டினா சென்டர் போயிரும். மறுபடி மாட்டினா கோணலாச் சுத்தும்."

"எனக்கேவா அண்ணி?" என்று சிரித்தான். அண்ணனின் சிரிப்பு, அச்சு அசல்.

"நான் முடிக்கறேன். இதை மட்டுமில்ல, இனிமே வர்றதையும். மெஷின் இங்கதான் இருக்கும்."

"ரெண்டு ஷாஃப்ட் போச்சே அண்ணி. உங்கள நம்பி யாரு வேலை குடுப்பா? இந்தா நிக்கறாரே, இவரையே கேளுங்க."

அவள் கொழுந்தனைப் பார்த்துத் திரும்பினாள்.

"அந்த ரெண்டையும் கெடுத்தது உங்க அண்ணன்."

ஸ்பேனர் நின்றது. மாமியார் எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று தெரியவில்லை.

"அவன் மேல போட்ட மண்ணு ஈரம் காயல," என்றாள். "அதுக்குள்ள அவன் பேரைக் கெடுக்கறியே."

"அந்த ஈரம் காயறதுக்குள்ள மெஷின் போகுது அத்தை. அதையும் கேளுங்க."

மாமியார் மகனைப் பார்த்தாள். அவன் போல்ட்டைப் பார்த்தான்.

அவள் மெக்கானிக்கிடம் திரும்பினாள். "ரெண்டாவது ஷாஃப்ட்டுக்குக் கடைசி வெட்டுப் போட்டப்ப நீங்க இங்கதான் நின்னீங்க. கைப்பிடியில யாரு கை இருந்துச்சு?"

"மாஸ்டர் கைதாங்க்கா."

"என்ன பண்ணினாரு?"

"கோட்டைத் தாண்டிட்டாரு. பின்னால போகாம..."

"தெரிஞ்சுதான் காலையில அங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

"அவரே என்கிட்ட வந்து நீங்க கெடுத்துட்டதாச் சொன்னாரு. அவரு முகத்தப் பாத்து எப்படிக்கா இல்லன்னு சொல்றது?"

"அவருக்கு மட்டும்தான் முகம் இருக்கா?"

கொழுந்தன் தொண்டையைச் செருமினான்.

"சரி அண்ணி. பேச்சு எதுக்கு? முடிங்க. இதுவும் போச்சுன்னா மெஷின் லாரியில ஏறும். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

"போல்ட்டை முறுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"மெஷின் ஆடினா வேலையும் ஆடும்."

அது அவனுக்கும் தெரிந்ததுதான். ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தான். கழற்றியவர்களே திரும்ப முறுக்கினார்கள். அவள் தலைமுடியை இறுக்கி முடிந்து துணியால் கட்டினாள். மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் தானே ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு மெஷினைப் போட்டாள்.

இரண்டு வெட்டு பாக்கியிருந்தது. ஷாஃப்ட்டின் நுனிக்கு வெளியே டூலை நிறுத்திக் கைப்பிடியைத் திருப்பினாள். கோடு தாண்டிப் போயிற்று.

"ம்," என்றான் கொழுந்தன்.

ஒரு சுற்று முழுக்கப் பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள். இந்த முறை கோட்டில் நின்றது. டூலை ஓடவிட்டாள். இரும்புச் சுருள் நீலமாகக் கிளம்பி உடைந்து தட்டில் விழுந்தது. வெட்டும் சத்தம் கொட்டகையை நிறைத்தது. முடிந்ததும் மெஷினை நிறுத்தினாள். ஷாஃப்ட்டிலிருந்து மெல்லிய புகை வந்தது.

"அளந்து பாருங்க," என்றான் கொழுந்தன்.

"சூடு ஆறட்டும்."

"லாரிக்காரன் நிக்கறான் அண்ணி."

"நிக்கட்டும். சூட்டுல அளந்தா பெருசாக் காட்டும். அதை நம்பி வெட்டினா ஆறினப்பறம் குறைஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

மாமியார் கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு பெட்டியில் உட்கார்ந்தாள். ஆட்கள் சுவரில் சாய்ந்தார்கள். வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. கொழுந்தன் ஒருமுறை வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினான். உறுமல் நின்றது.

ஷாஃப்ட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் இல்லை. இந்நேரம் அவர் பக்கத்தில் நின்றிருந்தால் ஊதி ஊதி ஆற்றச் சொல்லிக் கிண்டல் செய்திருப்பார். பிறகு, தள்ளு என்றிருப்பார். பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆறியதும் அளந்தாள். எவ்வளவு மிச்சம் என்று யாரிடமும் சொல்லவில்லை. கைப்பிடியை ஒரே போக்கில் கொண்டுபோய் நிறுத்திக் கடைசி வெட்டைப் போட்டாள். சுருள் தூள்போல் உதிர்ந்தது. நிறுத்தினாள். இந்த முறை யாரும் அவசரப்படுத்தவில்லை.

போதுமான நேரம் போனதும் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கியிருந்த சென்டரைப் பின்னுக்கு இழுத்துவிட்டு விலகினாள்.

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து பேரிங்கை எடுத்தான். எண்ணெய்த் தாளைப் பிரித்தான். ஷாஃப்ட்டின் நுனியில் வைத்துக் கட்டைவிரல்களால் அழுத்தினான். ஏறவில்லை. மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினான். சுற்றிச் சுற்றித் தட்டினான். நகர்ந்தது, இறுக்கமாக. ஷாஃப்ட் தடிக்கும் இடத்துத் தோளில் போய் உட்கார்ந்தது.

பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. கொழுந்தனும் வந்து ஆட்டிப் பார்த்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நகர்ந்து நின்றான்.

மெக்கானிக் பேரிங்கின் வெளிவளையத்தை விரலால் சுண்டிவிட்டான். சத்தமில்லாமல் சுற்றியது. அது நிற்கும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.