உரியாத வெள்ளை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. மண்பாண்டத்துக்குப் பேர்போன எங்கள் யோஜு ஊரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் நூடுல்ஸ் கடையில், தாக் யோங்ரான் அக்கா சொல்லக் கேட்டு எடுத்துக்கொண்டேன். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது தம்பி. ஆனா என்னை அழ வெச்சிடாத. நான் அழவே இல்ல" என்றார்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "சூளையின் கதவு திறந்ததும் செந்தணல் ஒளி அவள் முகத்தில்…"

[விட்டுவிட்டேன். கதவைத் திறக்கும்போது சூளை ஆறிப்போயிருக்கும். பத்தொன்பது வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு இப்படி எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர்களே சிரிப்பார்கள்.]

2

யோங்ரானுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினேழு வருடம் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் நின்று முழங்கால் தேய்ந்துபோக, பியோன் கிதேயின் மண்பாண்டப் பட்டறையில் பூச்சு வேலைக்குச் சேர்ந்தார். கருமண் கிண்ணத்தை வெள்ளைக் களிக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். அதற்கு மேல்தான் கண்ணாடி மெருகு. அந்த வெள்ளைக் களியை இங்கே 'ஒப்பனை மண்' என்பார்கள். ஆயிரத்து இருநூற்றைம்பது டிகிரியிலும் கலையாத ஒப்பனை.

ஒரு குழந்தைகள் காப்பகத்துக்காக இருநூற்று நாற்பது கஞ்சிக் கிண்ணங்கள் வெந்து வந்திருந்தன. யோங்ரான் ஒன்றை எடுத்து, சாப்பிடுகிறவர்கள் தட்டுவதுபோலக் கரண்டியால் விளிம்பில் தட்டினார். நகக்கண் அளவு வெள்ளைச் சில்லு ஒன்று தெறித்து மேசையில் விழுந்தது.

"முதலாளி, இங்க பாருங்க. விளிம்புல வெள்ளை உரியுது."

"கெட்டியா முக்கியிருப்ப. உன் கைதான்."

"பதினேழு வருஷம் மாவுல முக்கின கை இது. எது கெட்டி, எது தண்ணின்னு அதுக்குத் தெரியும்."

"ஏம்மா, இது உன் சமையக்கட்டு இல்ல. ஒண்ணு போனா போகுது. மத்ததைப் பெட்டியில அடுக்கு."

அவர் அடுக்கவில்லை. இன்னும் பதினொரு கிண்ணங்களைத் தட்டிப் பார்த்தார். நான்கு உரிந்தன. தொலைபேசியை எடுத்துக் காப்பகத்தின் தலைவி ஓக் ஹேசூவைக் கூப்பிட்டார்.

"மேடம், பெட்டி வந்தா வாங்காதீங்க. பிள்ளைங்க கஞ்சியில சில்லு விழும்."

போனை வைத்துவிட்டு நேரே முதலாளியிடம் போய், தான் செய்ததைத் தானே சொன்னார்.

பியோனின் காது மடல் சிவந்தது. "நாளைலேருந்து வராத."

3

[இந்த இடத்தில் ஒரு சங்கடம். என் முதல் வரைவில் பியோன் வில்லன். தங்கப் பல் வைத்திருந்தேன், உரக்கச் சிரிக்க வைத்திருந்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு நூடுல்ஸ் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார்.

"அவரு எங்க தம்பி இப்படிச் சிரிச்சாரு? பயந்துபோயிருந்தாரு மனுஷன். வசந்த காலத்துல பழைய களிமண் வரத்து நின்னுபோச்சு. புது மண்ணு வாங்கினாரு. ஒப்பனை மண்ணுக்கு மட்டும் அதே பழைய கலவைக் கணக்கு. தப்பு தன்னோடதோன்னு அவருக்கே சந்தேகம். வாய்விட்டுச் சொல்லத்தான் வரல."

தங்கப் பல்லைப் பிடுங்கிவிட்டேன். பாத்திரம் கொஞ்சம் மங்கிவிட்டது, ஆனால் மனிதராகிவிட்டார்.]

4

மறுநாள் காலை யோங்ரான் பட்டறை வாசலில் நின்றார்.

"வராதன்னேனே?"

"வேலைக்கு வரல. சூளையில ஒரு மூலை குடுங்க, போதும்."

என்ன நினைத்தாரோ, பியோன் சூளைக்குள் ஓர் அடுக்குத் தட்டைக் காலி செய்து கொடுத்தார்.

யோங்ரானுக்கு இரவெல்லாம் மனதில் ஓடியது மாவில் முக்கிப் பொரிக்கிற சுக்கினிக்காய் வறுவல். துண்டைச் சட்டியில் போட்டதும் காய் சுருங்கும். மேல்மாவு சுருங்காவிட்டால் கழன்று நிற்கும். இங்கேயும் அதுதானா? கருமண்ணை ஒரு தகடாகவும், ஒப்பனை மண்ணைப் பிசைந்து இன்னொரு தகடாகவும் தட்டி, இரண்டையும் ஒட்டி, விரல் அகலத்துக்குப் பட்டைகளாக அறுத்தார். காயவைத்துச் சூளையில் ஏற்றினார். எது அதிகமாகச் சுருங்குகிறதோ, அதன் பக்கம் பட்டை வளைந்தாக வேண்டும்.

பட்டை வில்லாக வளைந்து வந்தது. கருமண் உட்புறம், வெள்ளை வெளிப்புறம்.

"பாருங்க முதலாளி. என் கை இல்ல. உங்க மண்ணு சுருங்குது, வெள்ளை சுருங்கல. எடமில்லாம விளிம்புல தெறிக்குது."

பியோன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தராசை அவர் பக்கம் தள்ளினார். "சரி. இப்ப என்ன செய்வ?"

யோங்ரான் வெள்ளைக் களியைக் குறைத்து, சூட்டில் உருகி மண்ணை இறுக்கிச் சுருக்குகிற ஃபெல்ட்ஸ்பார் பொடியைக் கூட்டினார். இரண்டாவது பட்டை கொஞ்சம் நிமிர்ந்தது. மூன்றாவது இன்னும் கொஞ்சம். நான்காவது மறுபக்கம் வளைந்தது.

"ஐயோ, உப்பு கூடிப்போச்சு" என்றார் யோங்ரான். பியோன் முதல்முறையாகச் சிரித்தார்.

ஐந்தாவது பட்டையை மேசைமேல் வைத்தார்கள். அடியில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை.*

* காப்பகம் பீங்கானில் நீலக் கோப்பைகளும் கேட்டிருந்தது. அதே கலவையை நீலமாக்கிப் பீங்கானோடு ஒட்டிப் பார்த்ததில் பட்டை மறுபடி வளைந்துவிட்டது. பீங்கான் கருமண்ணைவிட அதிகம் இறுகுகிறது. அதற்கு இன்னும் ஃபெல்ட்ஸ்பார், இன்னும் இரண்டு சூளை. "ஒரே சட்டை ரெண்டு பேருக்குப் பொருந்துமா?" என்று அக்கா என்னிடமே கேட்டார், நான்தான் பொருந்தும் என்று சொன்னதுபோல.

5

கிண்ணங்களைப் புதிதாகச் செய்து முடித்த அன்று ஓக் ஹேசூ நேரில் வந்தார். யோங்ரான் கரண்டியை நீட்டினார். அதை வாங்கியவர் பியோன்.

விளிம்பில் தட்டினார். மணிபோல ஓசை. இன்னும் ஓங்கித் தட்டினார். ஓசை மட்டும்தான். பிறகு, ஏன் என்று அவருக்கே தெரியாது, கிண்ணத்தை எடுத்துத் தரையில் ஓங்கிப் போட்டார்.

ஏழு துண்டுகள். மூவரும் குனிந்து பொறுக்கினார்கள். ஒவ்வொரு துண்டிலும் கருமண்ணும் வெள்ளையும் ஒன்றாகவே உடைந்திருந்தன. வெள்ளை மட்டும் பிரிந்த இடம் ஒன்றுகூட இல்லை.

"உடைஞ்சிடுச்சே" என்றார் ஓக் ஹேசூ.

"உடைஞ்சது மேடம். உரியல." பியோன் துண்டைத் தூக்கிக் காட்டினார். "இவங்க கலவை. என்னோடது இல்ல. என்னோடதுதான் உரிஞ்சது."

அடுத்த வரியை இப்படித் தொடங்கினேன்: "யோங்ரானின் கண்களில்…"

[இல்லை. அழவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் செய்தது இதுதான்: இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டறையே அதிரச் சிரித்தார்.]

6

முடிவுக்கு வருகிறேன். மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் தனிப் பட்டறை வைக்கிறார். ஒன்றில் பியோனுக்குத் தொழிலில் கூட்டாளியாகிறார். மூன்றாவதை எழுதியதற்கு எனக்கே வெட்கம்.

நடந்தது இவ்வளவு: அடுத்த தொகுதி கிண்ணங்களின் அடியில் முத்திரை குத்தும் நாளில், பியோன் இரண்டு அச்சுகளை மேசையில் வைத்தார். ஒன்று பட்டறையுடையது. மற்றது புதிதாக வெட்டியது: தாக் யோங்ரான்.

"எது வேணும்னாலும் குத்துங்க, யோங்ரான் அம்மா" என்று சொல்லிவிட்டு, பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அக்கா ஈரக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். எதைக் குத்தினார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கிண்ணத்தில்தான் தினமும் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் அந்த ஈரமண் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் குத்துங்கள்.