பொட்டு வைத்த சடைச்சி

இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு ஆமத்தூர்ப் பக்கம் பாடிய சடைச்சிக்குப் படம் கிடையாது. எங்கள் முதலாளி நல்லசிவம் அவளைத் தன் வம்சம் என்று சொல்லிக்கொள்வார். வருடந்தோறும் எங்கள் சிவகாசி அச்சகத்துக் காலண்டரில் அவள் பட்டும் பவுனுமாக, மஞ்சள் நிறத்தில், வீணையோடு உட்கார்ந்திருப்பாள். வீணையை அவள் கண்ணால் கண்டிருப்பாளா? கேட்பாரில்லை. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அவள் பாட்டு வரும். அதைப் படிப்பாரும் இல்லை.

நான் படித்தேன். அச்சகத்தில் படம் வடிவமைப்பவள் நான்தானே. முதலாளி மதுரைக்குப் போயிருந்த நாளில், பட்டாசு வேலைக்குப் போகும் என் அம்மா கருப்பம்மாளின் போட்டோவைப் பார்த்து சடைச்சியை வரைந்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். கறுத்த கை, வெடித்த கால்.

ஆடிப் பதினெட்டு. ஆர்டர் பிடிக்கக் கடைகளுக்குக் காட்டும் புது மாதிரிக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜையில் வைத்தார்கள். முதலாளி பக்கத்தைப் புரட்டியதும் கை நின்றது. இந்த வேலை போனால் நாளைக்கே அம்மாவோடு பட்டாசு வேனில் ஏற வேண்டியதுதான்.

"ஓவியா, இது யாரு?"

"சடைச்சிதான் முதலாளி."

"எங்க வீட்டுப் பொம்பள இப்படியா இருப்பா?"

பக்கத்தைக் கிழிக்கப் போனவரை அவர் மனைவி செல்லக்கனி தடுத்தார். கண்ணாடி போடாமலே எல்லாப் பக்கத்துக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து முடித்திருந்தார். பொட்டு வைத்த படத்தை எடுத்தால் சீசன் படுத்துவிடும் என்பது அந்த வீட்டின் பயம்.

முதலாளி பல்லைக் கடித்தார். ஆர்டர் காலண்டரில் படம் இருக்கட்டும், மேலே உள்ள பெயரை எடுத்துவிட்டு 'உழைக்கும் பெண்' என்று போடு, அடுத்து இப்படிச் செய்தால் வேலை கிடையாது என்றார்.

ஆத்திரம் பொங்கியது. இருந்தும் கேட்டேன்.

"கீழ இருக்கிற பாட்டு, முதலாளி?"

"அது கெடக்கட்டும். அதை எவன் படிக்கப் போறான்?"

பெயரை என் கையாலேயே அழித்தேன். அழுகை வந்தது. பிறகு பாட்டைப் பிடித்து இழுத்து, எழுத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி, ஆர்டர் வந்த ஒரு லட்சம் காலண்டருக்கும் அச்சுக்கு அனுப்பினேன்.

பொன்னும் பட்டும் பூட்டாதீர் எனக்கு
கதிரறுத்த கையிது, கண்டவர் சொல்வீர்
பேர்கேட்டால் ஆமத்தூர்ச் சடைச்சி.